மீட்டர் கண்ணாடியில் ஒரு பொட்டு

போன ஆயுத பூசைக்கு வைத்த பொட்டு அன்றைக்கு ஈரமாகத் தெரிந்தது.

நோர்வூட் கடைத்தெருவைத் தாண்டி, பழைய பிக்கப் மேட்டில் முனகி ஏறத் தொடங்கியபோதுதான் ஜீவராஜ் அதைக் கவனித்தான். மீட்டர் கண்ணாடியின் இடது மூலையில் சந்தனத்தைத் தடிப்பாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்த பொட்டு அது. எட்டு மாதமாகக் காய்ந்து வெடித்துக் கிடந்த அது, இப்போது யாரோ சற்றுமுன் வைத்துவிட்டுப் போனதுபோல் பளபளத்தது. மணி நாலுகூட ஆகவில்லை. ஆனாலும் மலையிலிருந்து இறங்கிய மூட்டம் தேயிலையை மூடி, சவுக்கு மரங்களை மூடி, ரோட்டோரத்து வெள்ளைக் கட்டைகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வர, கண்ணாடி இடுக்கு வழியே ஈரப்புல் வாசமும் கருகிய ஒயில் வாசமும் கலந்து உள்ளே வந்தன.

டொக்.

"கேட்டியா மச்சான்? இந்த மேட்டுக்கு வந்தாத்தான் இது ஆரம்பிக்குது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுதாகரன் வெற்றிலையை மறு கன்னத்துக்கு ஒதுக்கினான். கராஜ் வைத்திருப்பவன். ஜீவராஜின் அண்ணி வீரம்மாவுக்குக் கூடப்பிறந்த தம்பி. அண்ணன் இராமையாவுக்கு இந்த வண்டியை விற்றவனும் அவன்தான்.

"கெழட்டு வண்டிடா. ஒனக்கு மாடிப்படி ஏறுனா முட்டி சத்தம் போடல?"

"வெளையாடாத. ஒயில் இருக்கு, கம்பிய இழுத்துப் பார்த்துட்டேன். பிரஷர் இருக்கா? ஒயில் மேல ஏறாட்டி உள்ளுக்குள்ள இரும்பும் இரும்பும் முட்டும்னு நீதானே சொன்ன."

"பிரஷர் கொறஞ்சா செவப்பு லைட் எரியும்ல? எரியுதா?"

எரியவில்லை. ஜீவராஜ் மீட்டரை ஒருமுறை பார்த்தான். பெற்றரி லைட் இருக்கும் இடம் தெரிந்தது, ஹெட்லைட்டுக்கு நீல லைட் இருந்தது, ஹேண்ட்பிரேக்குக்கு ஒன்று இருந்தது. ஒயில் லைட் எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால், இந்த வண்டியில் அப்படி ஒன்று எரிந்து அவன் பார்த்ததே இல்லை.

டொக். டொக்.

கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் ஒரு இருமல் இருமி அடங்கியது.

"இங்க வேணாம் மச்சான்," என்றான் சுதாகரன்.

"நானா நிப்பாட்டுனேன்?"

இதே வளைவு. தை மாதம் இதே இடத்தில்தான் எஞ்சின் இறுகி நின்றது. மேட்டில் நின்றுபோன வண்டியை ஒரு சாண் தள்ளி, பின் டயருக்குக் கல்லை முட்டுக்கொடுத்து, மறுபடி ஒரு சாண் தள்ளி, கல்லை நகர்த்தி, அப்படியே உச்சிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதில் இராமையா கெட்டிக்காரன். தோட்டத்தில் யாருடைய வண்டி நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்கு அவன் தனியாக இறங்கிக் கல்லைத் தூக்கியிருக்கிறான். ஹேண்ட்பிரேக் தாங்கவில்லை. வண்டியை நகர்த்தி அவனை எடுத்தபோது கல் கையிலேயே இருந்தது. பிறகு எஞ்சினைப் பிரித்துப் பூட்டித் தந்ததும் சுதாகரன்தான். மூன்று நாள் சோறு தண்ணி இல்லாமல் அழுதபடி வேலை செய்தான்.

மூட்டம் கண்ணாடியை அடைத்தது. உள்ளே இருட்டியது.

இருட்டியதும் பொட்டு சிவந்தது.

ஈரமில்லை. வெளிச்சம். சந்தனத்தின் வெடிப்புகளுக்குள், மெல்லிய கோடு கோடாக.

ஜீவராஜ் கட்டைவிரல் நகத்தை வைத்தான்.

"தொடைக்காத!" சுதாகரன் அவன் கையைப் பிடித்தான். "சாமி பொட்டு. தொடைக்கக் கூடாது."

இதையேதான் போன ஆயுத பூசையன்று வண்டி கைமாறியபோதும், எலுமிச்சம்பழம் நசுக்கிய கையோடு, இராமையாவிடம் சொன்னான். அண்ணன் தினமும் காலையில் அந்தப் பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் சாவியைத் திருப்புவான்.

ஜீவராஜ் கையை உதறினான். சுரண்டினான். சந்தனம் பொருக்காக உதிர்ந்தது. அடியில் ஒயில் குவளை மாதிரி ஒரு சின்னப் படம். சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

ஜீவராஜ் அவன் பக்கம் திரும்பினான்.

"விக்கிறப்பவே எரிஞ்சுச்சா?"

"பம்பு தேஞ்சிருந்துச்சு. புதுசு கெடச்சோன மாத்திரலாம்னு நெனச்சேன். லைட்டப் பார்த்தா மாமா வாங்கியிருக்க மாட்டாரு..."

"தொட்டுக் கும்பிட்டாருடா. தெனமும். நீ வச்ச பொட்டுன்னு."

"மச்சான்..."

"ஒங்க அக்கா தாலிடா அது."

ஜீவராஜ் சாவியைத் திருப்பி உருவினான்.

லைட் அணையவில்லை.

சாவி உள்ளங்கையில் குத்தியது. லைட் எரிந்தது.

டொக்.

எஞ்சின் ஓடவில்லை. சத்தம் பொனட்டிலிருந்து வரவில்லை. பின்னாலிருந்து. தார் ரோட்டில் கல் வைக்கும் சத்தம். டயருக்குப் பக்கத்தில்.

சுதாகரன் கதவைத் தள்ளிக்கொண்டு குதித்தான். மேட்டுப்பக்கம் ஓடினான். நாலே எட்டு. வண்டிக்கு நேர் முன்னால் நின்றான். யாரோ தோளைப் பிடித்துத் திருப்பியதுபோல் இந்தப் பக்கம் திரும்பினான்.

"ஓடுடா!" என்று கத்தினான் ஜீவராஜ்.

அவன் ஓடவில்லை.

வண்டி அசைந்தது. பின்னால் இல்லை. முன்னால். மேட்டில்.

ஒரு சாண்.

டொக்.

ஜீவராஜ் பிரேக்கைத் தரைவரை மிதித்தான். கதவை இழுத்தான். திறக்கவில்லை.

ஒரு சாண்.

டொக்.

சுதாகரனின் நெற்றியில், புருவங்களுக்கு நடுவே, ஒரு பொட்டு இருந்தது. வட்டமாக. கறுப்பாக. ஆவி பறந்தது. மூக்கு வழியாக ஒயில் வழிந்து மேலுதட்டுக்கு வந்தது. அவன் கை பாதி உயர்ந்து நின்றது.

"மச்சான்," என்றான் மெதுவாக. "தொடச்சிக்கவா?"

ஒரு சாண்.

பம்பர் அவன் முழங்காலைத் தொட்டது.

பின்னால், பொறுமையாக, கல் நகர்ந்தது.