வலப்பக்கம் சாய்ந்த கோடு

ஆறு திருகுகளில் மூன்றாவது மட்டும் நேராக இல்லை.

இரவு வேலை முடிந்து வந்த நர்ஸ், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல் கதவின் உட்புறம் குனிந்து பார்த்தாள். நிலையில் பதித்திருந்த இரும்புத் தகட்டில் மேலிருந்து கீழாக ஆறு திருகுகள். ஒவ்வொரு திருகின் தலைப்பள்ளமும் செங்குத்தாக நிற்கும்படி முடுக்கி, அதன்மேல் தகடுவரை நீளுமாறு சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போயிருந்தார் பூட்டுக்காரர். யாராவது கை வைத்தால் கோடு காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவர் தொழிலில் வைத்திருந்த வழக்கம். ஐந்து கோடுகள் முழுசாக இருந்தன. மூன்றாவது மட்டும் உடைந்து, தலைமேலிருந்த துண்டு வலப்பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது, ஒரு நிமிடம் நகர்ந்த கடிகார முள்ளைப் போல.

வெளியிலிருந்து யாரும் அந்தத் தகட்டைத் தொட முடியாது. அது வீட்டுக்குள் இருக்கிறது.

எதிர்வீட்டுக் கதவை ஒரே உதையில் பெயர்த்துவிட்டுத் திருடர்கள் புகுந்து பத்து நாள் ஆகியிருந்தது. அங்கே குடியிருந்தவர்கள் வீட்டையே காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து இவளுக்கு வார்டில் ஊசி போடும்போதுகூட நினைப்பு வீட்டில்தான். இவள் வேலைக்குக் கிளம்பினால் தங்கை தனியாக இருப்பாள். அப்பா அம்மா இறந்தபிறகு தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பி, படிக்க வைத்து, ஒரு வேலையிலும் உட்கார வைத்தவள் இவள். தங்கைக்கு ஒன்று ஆகிவிட்டால் இத்தனை நாள் கண் விழித்ததற்கு அர்த்தமே இல்லை.

அதனால்தான் பூட்டுக்காரரை வரச் சொன்னாள். அவர் பழைய தகட்டைக் கழற்றி, அதிலிருந்த திருகை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"பூட்டை எவனும் உடைக்கிறதில்லம்மா. உதைச்சா பிய்யறது நிலைதான். இதைப் பாருங்க, சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்ல. இத்தனை நாளா உங்க கதவு பூட்டியிருக்கல, சும்மா சாத்தியிருந்துச்சு."

மூன்று அங்குலத் திருகுகள் போட்டார். அவை நிலையைத் துளைத்துக்கொண்டு சுவருக்குள்ளேயே போய்க் கடித்தன. உள்ளேயும் வெளியேயும் சாவி போட்டால்தான் திறக்கும் பூட்டு. அதே தகட்டில் போய் விழும்படி கட்டைவிரல் தடிமனில் ஓர் உள்தாழ்ப்பாள். தாழ்ப்பாள் புதிது என்பதால் மிகவும் இறுக்கம். தங்கை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தும் அசையவில்லை. எண்ணெய் கொண்டுவந்து பிறகு சரி செய்கிறேன் என்றார். அதுவரை அதைப் போடாமலே விட்டிருந்தார்கள். அவர் வேலை செய்தபோது இவள் சமையலறையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். "சரிங்க, சரிங்க" என்று அவர் யாருக்கோ பதில் சொல்வது கேட்டது. போனில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

"திருகைத் தொட்டியா?" என்றாள் இப்போது.

தங்கை கண்ணாடி முன்னால் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். "ஆமா இன்ஸ்பெக்டரம்மா. ஆபீஸ்ல உட்கார்ந்து உட்கார்ந்து உடம்பு வலிக்குதுன்னு ராத்திரி எழுந்து திருகைக் கழட்டி விளையாடினேன்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"தொடலக்கா. நீ முதல்ல தூங்கு. கண்ணு ரெண்டும் கோவைப்பழமா இருக்கு."

மறுநாள் ஐந்தாவது திருகு. அதற்கடுத்த நாள் முதலாவதும் இரண்டாவதும். எல்லாமே வலப்பக்கம், எல்லாமே அந்தக் கொஞ்சம்.

அவள் நோயாளியைப் பார்க்கிற கண்ணோடு வீட்டைப் பார்க்கத் தொடங்கினாள். தொட்டியில் தேநீர்க் கறையோடு கழுவாமல் கிடந்த இரண்டு டம்ளர்களைப் பார்த்தாள். தங்கை இரவில் தேநீர் குடிப்பதில்லை. பின்னறைப் பக்கம் போனால், பல வருடம் திறக்காத பெட்டியைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அந்த வாடை வந்தது. பழைய மேசையும் உடைந்த கட்டிலும் போட்டு வைத்திருந்த அறை அது, யாரும் போவதில்லை. ஆனால் அதன் கதவுக் கைப்பிடியில் மட்டும் தூசி இல்லை.

"இந்த டம்ளர் யாரோடது?"

"உன்னோடதுதானே. நீதான் பகல் பூரா வீட்ல இருக்கற."

தங்கை பொய் சொல்லும்போது காது மடலைத் தடவுவாள். இப்போது தடவவில்லை. ஆனால் போன் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அது போதுமாக இருந்தது அக்காவுக்கு. யாரோ ஒருவன் இருக்கிறான். நாளைக்கு அக்கா சாவியைப் பிடுங்கிக்கொண்டாலும் அவன் கதவைத் தள்ளிக்கொண்டு வரும்படி, தங்கையே உள்ளிருந்து திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி வைக்கிறாள். வீட்டில் இருப்பது இரண்டே பேர். வேறு யார்?

அன்று மாலை வேலைக்குக் கிளம்பும்போது, வீட்டிலிருந்த இரண்டு திருப்புளிகளையும் தன் பையில் போட்டுக்கொண்டாள். தங்கை குளிக்கப் போயிருந்தாள். அவள் கைப்பையிலிருந்து அவளுடைய சாவியையும் எடுத்துக்கொண்டாள். வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தி, சாவியை இரண்டு சுற்று சுற்றினாள். ஜன்னல்களில் எல்லாம் கம்பி இருந்தது. இனி யாரும் உள்ளே போக முடியாது. தங்கையும் வெளியே வர முடியாது. காலையில் வந்து பேசிக்கொள்ளலாம்.

ஆஸ்பத்திரியில் ஏழரை மணிக்கு, மருந்து வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டுப் பூட்டுக்காரருக்குப் போன் செய்தாள். தளர்ந்துபோன திருகுகளை அவர் வந்து பார்க்க வேண்டும் என்றாள்.

"தளர்ந்துடுச்சா? சான்ஸே இல்லையேம்மா. கோடு எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு?"

"வலப்பக்கம்."

அந்தப் பக்கம் கடை ஷட்டரை இறக்கும் சத்தம் பாதியில் நின்றது.

"அப்போ கழட்டல. முடுக்கியிருக்காங்க. இன்னும் இறுக்கமா."

"யாரு?"

"அந்தப் பெரியவரைத்தான் கேக்கணும். அவர் அன்னிக்கே சொன்னாரே, பத்தாது இன்னும் இறுக்கு, யாரும் உள்ள வந்துடக் கூடாதுன்னு. நானும் சரிங்க சரிங்கன்னுட்டே இருந்தேன்."

"எந்தப் பெரியவர்?"

"என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? பின்னறை வாசல்ல நின்னுட்டிருந்தாரே. உங்க அப்பாதானே?"

"கடப்பாரை எடுத்துட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கி, கைக்குக் கிடைத்த ஆட்டோவில் ஏறித் தங்கையைக் கூப்பிட்டாள். ஆறாவது முறை மணி அடித்தபோதுதான் எடுத்தாள்.

"அக்கா." குரல் மிகவும் தணிந்திருந்தது. "நீ திரும்பி வந்துட்டியா?"

"இல்ல. வந்துட்டே இருக்கேன்."

"அப்போ கூடத்துல நடக்கறது யாரு?"

"ரூம் கதவைச் சாத்திக்கோ."

"வாசல் கதவுகிட்ட நிக்குது." மூச்சு. "அக்கா, தாழ்ப்பாள் போடற சத்தம் கேக்குது."

போன் துண்டிக்கப்பட்டது. மறுபடி கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பூட்டுக்காரர் அவளுக்கு முன்பே வந்து வாசலில் நின்றிருந்தார். இரண்டு சாவிகள் இருந்தன, முதலாவது கைநழுவி விழுந்தது. இரண்டாவதைப் போட்டாள். சுழன்றது. பூட்டின் நாக்கு உள்வாங்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. கைப்பிடியைத் திருகித் தள்ளினாள்.

கதவு அசையவில்லை.

"அக்கா." கதவை ஒட்டினாற்போல் தங்கையின் குரல். "என்னால தாழ்ப்பாளை நகர்த்த முடியல. கை வழுக்குது."

"தள்ளி நில்லும்மா" என்று உள்ளே இருந்தவளிடம் சொன்னார் பூட்டுக்காரர். உதைத்தார். மறுபடி உதைத்தார். எதிர்வீட்டுக் கதவு ஒரே உதையில் விழுந்த தெரு இது. கடப்பாரையை இடுக்கில் நுழைத்து முழு உடம்பையும் போட்டு அழுத்தினார். நிலையில் ஒரு சிராய்கூடப் பெயரவில்லை. நெற்றி வியர்வை மூக்கு நுனியில் சொட்ட, தன் கைவேலையையே வெறித்துப் பார்த்தார்.

"மூணு அங்குலம்மா," என்றார். "சுவரோட சேர்ந்து கடிச்சிருக்கு. நான் போட்டது."

அவர் நிறுத்தியதும் அந்தச் சத்தம் கேட்டது.

கிறீச்.

உள்ளே. மெதுவாக. இரும்பு இரும்போடு உரசி ஏறும் சத்தம். திருப்புளிகள் இரண்டும் அவள் பையில் இருந்தன.

அவள் படியில் மண்டியிட்டுக் கன்னத்தைத் தரையோடு வைத்தாள். கதவடியில் விரற்கடை வெளிச்சம். கதவை நெருங்கித் தங்கையின் பாதங்கள், கால்விரல்கள் ஊன்றி நிற்கின்றன. அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பாதங்கள். வெறுங்கால். சாம்பல் நிறம். நகங்கள் நீண்டு, சுருண்டு, தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன.

கிறீச்.

சத்தம் நின்றது.

"நல்ல வேலை, தம்பி." வயதான குரல். அவசரமே இல்லை. "இனிமே யாரும் வர முடியாது."

பூட்டுக்காரர் கையிலிருந்த கடப்பாரை விழுந்தது.

"அக்கா," என்றாள் தங்கை.

கதவடி வெளிச்சத்தில் தங்கையின் பாதங்கள் பின்னால் நகர்ந்தன. அடியெடுத்து வைக்கவில்லை. குதிகால் இரண்டும் சேர்ந்து, தரையில் இழுபட்டபடி, பின்னறைப் பக்கமாக.