தாகம் தீர்த்த பழுது

வாருங்கள், நெஞ்சில் நீதி உள்ளவர்களே! இந்தத் தையல் கூடத்தின் வாசலில் நின்று உள்ளே பாருங்கள். வரிசை வரிசையாகப் பெண்கள். குனிந்த கழுத்துகள், உலர்ந்த உதடுகள். மூலையில் குடிநீர்த் தொட்டி நிறைந்து நிற்கிறது, தொடுவார் இல்லை! தண்ணீர் குடித்தால் கழிவறைக்கு எழ வேண்டும். எழுந்தால் வேலை தேங்கும். தேங்கினால் மேற்பார்வையாளரின் நாக்கு சாட்டையாகும். ஆகவே தாகத்தை விழுங்கப் பழகிவிட்டார்கள். இளமையிலேயே முதுமையை வாங்கும் இந்தக் கொடுமைக்குத் திறமை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்!

எழுந்து நிற்க அங்கே ஒரே வழிதான். ஓர் இயந்திரம் பழுதானால், கைமாறிக் கைமாறித் தைக்கும் வரிசை முழுவதிலும் வேலை நிற்கும். அதை அறிந்தவள் காலர் தைப்பவள். தினமும் ஒருமுறை, மேசைக்கு அடியில் தன் இயந்திரத்தின் பெல்ட்டை முழங்காலால் தட்டிவிடுவாள். பெண்கள் எழுவார்கள், இடுப்பை நிமிர்த்துவார்கள், தண்ணீர் குடிப்பார்கள்.

மழை கொட்டிய ஒரு முற்பகலில் புதிய மெக்கானிக் வந்தான். ஈரமுடியில் துளிகள் சொட்டக் குனிந்தவன், நிமிர்ந்தபோது அவள் கண்களைக் கண்டான்... மழைக்கு ஒதுங்கிய மின்னல்கள்!

"பெல்ட் தானா கழலாதுங்க. யாரோ கழட்டியிருக்காங்க."

"பெரிய கண்டுபிடிப்பு! முதல்ல தலையைத் துவட்டுங்க. மிஷினுக்கு ஜலதோஷம் புடிச்சிடப் போகுது."

"வேலைக்குக் கள்ளம் பண்றவங்களுக்கு வாய் மட்டும் நல்லா ஓடும்."

நொடியில் மாட்டிவிட்டுப் போய்விட்டான். எழுந்த பெண்கள் தொட்டியை எட்டும் முன்பே திரும்பி அமர்ந்தார்கள். 'கள்ளம்...' விரலில் ஏறும் ஊசியைவிட அந்தச் சொல் ஆழமாக இறங்கியது. இனி அவனோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று உறுதி பூண்டாள்.

மறுநாளும் பெல்ட் கழன்றது. கடிந்துகொள்ளவே வந்தான். ஆனால், பொத்தான் தைக்கும் அம்மாள் இடுப்பைப் பிடித்தபடி ஓடுவதையும், கண்மூடி மடக் மடக்கென்று குடிப்பதையும் கண்டான். கை நின்றது. கருவிப்பையைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

அவளுடைய உறுதி உடைந்தது. "என்ன சார், நேத்து நொடியில முடிச்சீங்க?"

"இன்னைக்குப் பெரிய பழுதுங்க. எல்லாரும் குடிச்சு முடிக்கிற வரைக்கும் சரியாகாது... நீங்க குடிக்கலையா?"

அவள் என்றுமே குடித்ததில்லை. பழுதுக்குக் காவல் அவள்தானே! அவன் தன் பாட்டிலை நீட்டினான். வாங்கி, அண்ணாந்து குடித்தாள்...

நாள்தோறும் பழுது நீண்டது. ஒருநாள் மேற்பார்வையாளர் வந்து நின்றாள். அவனுக்கு வேலை வாங்கித் தந்த உடன்பிறந்த அக்கா அவள்!

"டேய், அக்கா தலையில மிளகாய் அரைக்கிறியா? இவ கழட்டறாளா இல்லையா, சொல்லு!"

"நான்தான் மேடம் கழட்டறேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது."

ஆமென்று அவன் தலையசைத்தால் போதும், தப்பிவிடலாம். ஒரு கணம் அக்காவைப் பார்த்தான், பிறகு அவளை.

"தெரியும்க்கா. தெரிஞ்சுதான் மெதுவா மாட்டினேன். முதல்ல எல்லாரோட தாகத்துக்காக... அப்புறம், இவங்க பக்கத்துல நிக்கிறதுக்காக. எனக்கு இவங்களைப் புடிச்சிருக்கு. இவங்க நூறு வயசு நல்லா வாழணும், கூடவே நானும்."

அவள் முகம் சிவந்தது. "நூறு வயசு வரைக்கும் 'இவங்க, இவங்க'ன்னுதான் கூப்பிடுவீங்களா?"

கூடமே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"கட்டிக்கோடா, நான் குறுக்க நிக்கல. ஆனா நாளையிலிருந்து ரெண்டு பேரும் வராதீங்க. மேல கேட்டா நான் என்னடா பதில் சொல்லுவேன்?"

காதல் வென்றது, வேலை போனது. கைகோத்து அவர்கள் வெளியேறினார்கள். உள்ளே இயந்திரங்கள் ஓடின... இப்போது பெல்ட்டைத் தட்டிவிட யாருமில்லை.

ஆதலால் உங்களிடம் கேட்கிறேன். நாற்காலியே கதி என்று கிடக்கும் தோழர்களே, எழுங்கள்! முதுகை நிமிர்த்துங்கள், பக்கத்தில் குனிந்திருப்பவரையும் எழுப்புங்கள். தாகத்துக்கு அனுமதி கேட்காதீர்கள், குடியுங்கள்! தடுக்க ஒரு நாக்கு நீண்டால், எல்லோரும் சேர்ந்து குடியுங்கள்!