பழைய மணியா... புது மணியா?

"ஆ...!"

அலறல் காஸாபிளாங்காவின் அந்த ஆபீஸ் கட்டடம் முழுக்கக் கேட்டது.

சர்வர் அறைத் தரையில் முதலாளி லஸ்ராக்... பிணமாக!

யாரோ கதவைப் பூட்டி, தீயணைப்பு வாயுவைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். எல்லாமே கம்ப்யூட்டர் கட்டளையில். மூச்சு முட்டிச் செத்திருக்கிறார் மனுஷர்.

கட்டளை யாருடையது?

கம்ப்யூட்டர் தன் போக்கில் எழுதிவைக்கும் லாக் சொன்ன பெயர்... தூரியா!

புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர். இன்ஸ்பெக்டர் பூஅஸ்ஸா அவளுக்கு மாட்ட விலங்கைக் கையில் எடுத்துவிட்டார்.

"வல்லாஹி, நான் செய்யலை சார்! நோன்பு வாயோட சொல்றேன். முதலாளி வேலையை விட்டுத் தூக்கறதா இருந்தது மேனேஜரை... என்னை இல்ல!" அழுதாள் தூரியா.

"லாக் பொய் சொல்லாதும்மா," என்றார் மேனேஜர் ஸுஹைர், உதட்டைச் சுழித்து.

லாக்கைப் படிக்க போலீஸ் வரவழைத்திருந்த கிஸ்லான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மேனேஜர்கள் என்றாலே அவளுக்கு இளக்காரம். இவரைப் பார்த்ததும் அது இரட்டிப்பானது.

"மிஸ்டர் ஸுஹைர், லாக்ல ஏடாகூடமா ஏதாவது வந்தா கத்துற புரோகிராம் இருந்துச்சே. எங்கே?"

"நோன்பு மாசம், மேடம். அவனவன் கண்ட நேரத்துல வேலை பாக்கறான். அது சும்மா சும்மா கத்துச்சு. நிறுத்திட்டேன்."

"குரைக்குதுன்னு காவல் நாயை விரட்டிட்டீங்க. பிரமாதம்!"

"மரியாதையா பேசு!"

"இன்ஸ்பெக்டர், இங்க பாருங்க. தூரியா சிஸ்டத்துக்குள்ள நுழைஞ்சதா ஒரு வரி இல்லை. கட்டளை மட்டும் இருக்கு. வாசப்படி மிதிக்காமலே வீட்டுக்குள்ள உக்காந்திருக்கா! இது மெஷின் எழுதினதில்லை. எவனோ கையால சொருகினது."

"எவன்?"

"லாக்கைத் திருத்துற அதிகாரம் மேனேஜர்கள் எல்லாருக்கும் இருக்கு. யாருன்னு தெரியலை."

ஸுஹைர் சிரித்தார். "தெரியலைன்னா அவதான். கூட்டிட்டுப் போங்க சார். நோன்பு திறக்கணும், ஹரீரா ஆறிடும்!"

உள்ளே பிணம் கிடக்கிறது. இந்த ஆளுக்கு சூப்புக் கவலை! கிஸ்லானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு நிமிஷம்... நேரத்துல கோட்டை விட்டிருக்கான் மடையன்! நோன்புக்காக நாட்டுல எல்லாக் கடிகாரமும் ஒரு மணி நேரம் பின்னால போயாச்சு. கம்ப்யூட்டரும்தான். இந்த வரி மட்டும் பழைய மணியில நிக்குது. சின்னப் பிள்ளைகூட இப்படிப் பண்ணாது. எழுதினவன் அடிமுட்டாள்!"

"யாருடி முட்டாள்?" ஸுஹைரின் முகம் ரத்தமாகச் சிவந்தது. "ஒரு மணி நேரம் குறைச்சுத்தானே எழுதினேன்!"

தூரியாவின் அழுகை நின்றது. விலங்கு வேறு கைகளில் ஏறியது... க்ளிக்!

இன்ஸ்பெக்டர் திரையை எட்டிப் பார்த்துக் குழம்பினார்.

"மேடம், இதுல நேரம் சரியாத்தானே இருக்கு?"

"சரியாத்தான் இருக்கு. நான் போட்டது தூண்டில். ஐயா கணக்குல புலி," என்றாள் கிஸ்லான். "மணியைக் குறைச்ச மாதிரி வாயையும் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்!"