ஆடும் கை, ஆடாத படம்

"இந்த வருஷம் வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லி டீச்சர்கிட்ட சொல்லிடும்மா," என்றார் அப்பா.

வாலுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் எல்லோரும் அவளை 'வாலு' என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளி நாடகத்துக்கு எப்போதும் அப்பாதான் படம் எடுப்பார். இந்த முறை அவளும் நடிக்கிறாள். வேடம் என்னவோ மரம்தான். அதனால் என்ன?

அப்பா ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். போன மாதம் காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து அவர் கை நடுங்கியது. ஸ்டுடியோவில் கேமரா ஸ்டாண்டில் இருக்கும், கவலையில்லை. நாடகத்திலோ அதைக் கையில் பிடித்தபடி மேடையைச் சுற்றி வர வேண்டும். வெளிச்சமும் குறைவு. நேற்று ஒத்திகையில் எடுத்த படங்கள் எல்லாம் கலங்கிப் போயிருந்தன. அப்பாவின் முகம் வாடிவிட்டது. வாலுவால் அதைத் தாங்க முடியவில்லை.

அப்பா சாப்பிடப் போனதும் கேமராவை எடுத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, நாடகத்து மரமாகவே நின்று, மங்கிய விளக்கு வெளிச்சத்தில் சுவர்க் கடிகாரத்தைப் படம் எடுத்தாள்.

அதுவும் கலங்கல்!

'அப்போ என் கையும் ஆடுதா?'

மெனுவை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். ஓரிடத்தில் நடுங்கும் கையின் படம் இருந்தது. பக்கத்தில் 'ஆஃப்'. அதை 'ஆன்' ஆக்கி மறுபடியும் எடுத்தாள். இப்போது கடிகாரத்தின் குட்டிக் கோடுகளைக்கூட எண்ணலாம்.

ஓடிப்போய் இரண்டையும் அப்பாவிடம் காட்டினாள்.

"ரெண்டுமே நான் எடுத்ததுப்பா. என் கையும்தான் ஆடுது!"

அப்பா நெற்றியில் தட்டிக்கொண்டார். "கை ஒரு பக்கம் ஆடினா, கேமராவுக்குள்ள படத்தைப் பதியுற சென்சார் எதிர்ப்பக்கம் நகர்ந்து சரிக்கட்டிடும். ஸ்டாண்டுல வைக்கும்போது வேண்டாம்னு எப்பவோ நான்தான் நிறுத்தி வச்சேன். கையையே நினைச்சு கவலைப்பட்டதுல இது சுத்தமா மறந்துபோச்சு."

"வீடியோவுக்கும் உதவுமா?"

"நடந்துகிட்டே எடுத்தாலும் அவ்வளவா குலுங்காது. ஆனா எதிர்ல இருக்கிறவங்க குதிச்சா, அவங்க கலங்கித்தான் தெரிவாங்க. அதுக்கு இது ஒண்ணும் பண்ணாது."

"நான் மரம்பா! எங்க குதிக்கப் போறேன்?"

அப்பா சிரித்துவிட்டார். கேமராவை வாங்கி அவளையே ஒரு படம் எடுத்தார். அதில் அவள் கண்ணிமைகூடத் தெளிவாக இருந்தது.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டார்.

மறுநாள் நாடகம் தொடங்கும் நேரத்தில் டீச்சர் அப்பாவிடம் வந்து மெல்லக் கேட்டார்.

"கை சரியாயிடுச்சா சார்?"

"இல்ல டீச்சர், ஆடத்தான் செய்யுது. ஆடிட்டுப் போகட்டும்," என்று சொல்லிவிட்டு, அப்பா கேமராவோடு மேடைக்கு இன்னும் பக்கத்தில் போனார்.