ஒன்பதாம் தொட்டி

2071 ஆகஸ்ட் 9, வால்பாறை. தவளைக் காப்பகத்தின் ஒன்பதாம் தொட்டியில் காலை எண்ணிக்கை முப்பத்தொன்று. முந்தின நாள் முப்பத்தெட்டு.

செத்துக் கிடந்த ஏழு தவளைகளையும் தாசையா இடுக்கியால் எடுத்துத் தனித்தனிக் குப்பியில் போட்டார். தேதி எழுதினார். பிறகு கை கழுவினார். முழங்கையிலிருந்து நகக்கண்வரை நுரைக்கவிட்டு, அறுபது எண்ணி, அலசி, மறுபடியும் நுரைக்கவிட்டு, இப்படி மூன்று தடவை. காப்பகத்தில் கையுறை கிடையாது. தவளையின் ஈரத்தோலில் அது ஒட்டிக்கொண்டு வதைக்கும். அதனால் கழுவிய வெறுங்கைதான் விதி. பத்தொன்பது ஆண்டுகளில் தாசையா ஒரு நாளும் அந்த விதியை மீறியதில்லை. பார்க்க வருகிற அதிகாரிகளுக்கு அவர் கை கழுவுவதையே ஒரு காட்சியாகக் காட்டுவார்கள்.

சோப்பு, தோலரண் சோப்பு. அந்தக் காலத்தில் வேறு சோப்பு ஏது?

பழைய மருந்துகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டு, பல் பிடுங்கப் போனவர்கள்கூடச் செத்துக்கொண்டிருந்த நாளில் வந்தது தோலரண். ஆனைமலைச் சோலைகளில் வாழ்ந்த செங்கால் தவளையின் தோலில் நாற்பத்து மூன்று சேர்மங்கள் சுரந்தன. அவற்றில் பதினேழாவது, கிருமியின் உறையில் ஓட்டை போட்டுக் கொன்றது. மற்ற நாற்பத்திரண்டையும் தள்ளிவிட்டு அதை மட்டும் எடுத்தார்கள். நொதிகலங்களில் டன் கணக்கில் காய்ச்சினார்கள். சோப்பில் கலந்தார்கள், காயத்துணியில் நனைத்தார்கள், பேருந்துக் கைப்பிடிகளில் பூசினார்கள், பள்ளிச் சீருடையில் தோய்த்தார்கள், கோழித் தீவனத்திலும் சேர்த்தார்கள். சீழ் என்றால் என்னவென்று தெரியாத பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

தாசையாவின் மகள் அமலி அப்படி வளர்ந்தவள். இருபத்து மூன்று வயது. தேயிலை பறிக்கும் இயந்திரம் ஓட்டினாள். ஜூலை ஆறாம் தேதி அதன் கத்தி அவள் இடது முன்கையைக் கீறியது. பெரிய காயமில்லை. தாயில்லாத வீடு, தாசையாவே கையைக் கழுவிக்கொண்டு, தோலரண் துணியால் தினமும் கட்டுப் போட்டார். எட்டாம் நாள் துணியை அவிழ்த்தபோது வந்த நாற்றம் அவருடைய சின்ன வயதில் முகர்ந்தது.

பொள்ளாச்சி மருத்துவமனையில் சொன்னார்கள்: இந்தக் கிருமிக்குத் தோலரண் ஒரு பொருட்டில்லை. அதைவிட மோசம், உடம்பின் சொந்தக் காவலும் அதனிடம் பலிக்கவில்லை. மனிதத் தோலும் தவளைத் தோலைப்போலத் தன் பங்குக்குச் சில சேர்மங்களைச் சுரக்கிறது. அவை பதினேழாவதற்கு ஒன்றுவிட்ட சொந்தம். தவளையுடையதைத் தாண்டப் பழகிய கிருமி, போகிற போக்கில் நம்முடையதையும் தாண்டிவிட்டது.

காப்பகத்தின் வேதியியலாளர் மெகராஜ் பானு அந்தக் கிருமியைத் தட்டில் வளர்த்து, ஒன்பதாம் தொட்டித் தவளைகளின் தோல்பாலை ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். மற்ற தொட்டிகளில் இருந்தவை பதினேழுக்காகவே பெருக்கப்பட்ட தவளைகள். ஒன்பதில் மட்டும், சோலை காய்ந்த வருடம் கடைசியாகப் பிடித்து வந்தவற்றின் வாரிசுகள், நாற்பத்து மூன்றும் குலையாமல் இருந்தன. மறுநாள் தட்டில் கிருமி இல்லை.

"அந்த மிச்சத்தையும் கலத்துல காய்ச்சிடலாமே டாக்டரம்மா" என்றார் தாசையா.

"முடியாதுண்ணே. அதுல பாதிக்குமேல மரபணு சொல்றபடி பிறக்கறதில்ல. பிறந்தப்புறம் தோலுக்குள்ள ஒரு இடத்துல ஒரு முறுக்கு முறுக்கி விடுது. அந்த முறுக்கு இல்லேன்னா வேலை செய்யாது. அத எப்படிச் செய்யுதுன்னு கண்டுபிடிக்கவே நமக்கு அஞ்சு வருஷம் ஆகும். பிள்ளைக்குத் தவளையிலருந்தே நேரா கறந்துதான் குடுக்கணும், ரெண்டு கறவை வேணும். நடுவுல மூணு வாரம். முப்பது தவளையாவது இருக்கணும்."

"முப்பத்தெட்டு இருக்கே."

"இருக்கு. அதான் தைரியமாச் சொல்றேன்."

ஜூலை இருபத்தொன்பதில் முதல் கறவை நடந்தது. தாசையாதான் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டார். மெல்லிய மின்னோட்டம் பட்டதும் முதுகில் வியர்வைபோல வெள்ளையாகப் பூத்தது. வழித்தெடுத்துத் தவளையைத் திரும்ப விட்டார்கள். ஆகஸ்ட் இரண்டாம் தேதி அமலிக்கு மருந்து ஏறியது. நான்காம் தேதி காய்ச்சல் இறங்கியது.

அன்று அவள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள்.

"ஏம்ப்பா, இப்போ எனக்குள்ள ஓடறது தவளைப் பாலா?"

"பேசாமக் குடி."

"மழை பேஞ்சா கத்துவேனோ என்னவோ. கல்யாணத்துக்குப் பாக்க வர்றவங்ககிட்ட முன்னாடியே சொல்லிருப்பா, அப்புறம் ஏமாத்திட்டோம்னு சண்டைக்கு வரப்போறாங்க."

பக்கத்துக் கட்டில்காரி சிரித்துவிட்டாள். தாசையாவும் சிரித்தார்.

"ரெண்டாவது கறவை இருபதாந்தேதி" என்றார். "அதுவரைக்கும் அதுங்கள நான் பொன்னாட்டம் பாத்துக்கறேன்."

"எப்பவும் என்னவிட அதுங்களத்தானே பொன்னாட்டம் பாப்ப."

ஒன்பதாம் தொட்டியைத் தாசையா அதுவரை வாரம் ஒருமுறைதான் கையால் தொடுவார். அன்றிலிருந்து தினமும் தொட்டார். ஒவ்வொரு தவளையாக உள்ளங்கையில் ஏந்தி, வயிற்றின் ஈரத்தைப் பெருவிரலால் வருடிப் பார்த்து, கண் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து, விட்டார். ஒவ்வொரு தவளைக்கும் முன்பு கை கழுவினார். முப்பத்தெட்டுத் தவளை, முப்பத்தெட்டுக் கழுவல்.

ஒன்பதாம் தேதி ஏழு செத்தன. தாசையா தொட்டியின் கண்ணாடியைச் சோப்பால் துடைத்தார். கற்களை எடுத்துச் சோப்பில் ஊறவைத்துக் கழுவி அடுக்கினார். பத்தாம் தேதி இருபத்திரண்டு இருந்தன. பன்னிரண்டாம் தேதி பதினொன்று.

மெகராஜ் பானு தண்ணீரில் பஞ்சால் மாதிரி தடவியெடுத்தார், பாசியில், இரையாகப் போடும் எறும்பில், காற்றுக்குழாயில். எங்கும் ஒன்றும் இல்லை. தாசையா தொட்டிப் பக்கத்திலேயே நின்றார்.

"கைய நீட்டுங்கண்ணே. பதிவுக்குத்தான், எல்லாத்துலயும் எடுக்கணும்."

அவர் நீட்டினார். சற்றுமுன்தான் கழுவிய கை.

மறுநாள் காலை மெகராஜ் பானு அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். தாசையா உட்காரவில்லை.

"செத்த தவளைங்க தோல்ல இருக்கறதும் உங்க கையில இருக்கறதும் ஒரே கிருமிண்ணே."

"நான் கழுவாம ஒரு நாளும்..."

"தெரியும். கழுவினதாலதான். பத்தொம்பது வருஷமா ஒரு நாளைக்கு இருபது தடவ அந்த ஒரே சேர்மத்தப் போட்டுக் கழுவியிருக்கீங்க. சாகறதெல்லாம் செத்து, சாகாதது மட்டும் உங்க கையில குடியிருக்கு. உங்களோடது கெட்டியான தோலு, காயமில்ல. உங்கள அது ஒண்ணும் பண்ணாது."

"இந்தத் தவளைப்பால்தான் அதக் கொல்லுச்சே?"

"பால் இருந்தாக் கொல்லும். நாமதான் கறந்துட்டோமே. மறுபடி ஊற மூணு வாரம். அதுவரைக்கும் அது வெறுந்தோலு."

மெகராஜ் பானு யாருக்கென்று இல்லாமல் பேசினார். "இதுங்க எத்தனையோ லட்சம் வருஷமா இந்தச் சண்டைய நடத்திட்டு வருதுண்ணே. கிருமி ஒண்ணத் தாண்டக் கத்துக்கிட்டா, இன்னொண்ணு நிக்கும். அதுக்குள்ள குஞ்சு ஒண்ணுல பழைய மரபணுவோட நகல்ல ஒரு எழுத்து மாறிப் புதுசா ஒண்ணு வந்துடும். ஒரே ஆயுதத்த நம்பின தவளையெல்லாம் என்னைக்கோ அழிஞ்சு போச்சு. நாம நாப்பத்து மூணுல ஒண்ண மட்டும் எடுத்து, ஊரு பூராப் பூசி, கிருமிக்குப் பாடம் நடத்திட்டோம்."

"டாக்டரம்மா."

"சொல்லுங்கண்ணே."

"பிள்ளைக்கு மொத எட்டு நாளும் நாந்தான் கட்டுப் போட்டேன்."

மெகராஜ் பானுவுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. அமலியின் காயத்திலிருந்து எடுத்த கிருமியும் அதே மேசைமேல்தான் இருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று மாலை தாசையா பொள்ளாச்சி போனார். காய்ச்சல் திரும்ப வந்திருந்தது. அமலியின் கை தோள்வரை வீங்கிக் கிடந்தது. அவர் கட்டிலிலிருந்து இரண்டடி தள்ளி, இரண்டு கைகளையும் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார்.

"தவளைங்க எப்படிப்பா இருக்கு?"

"இருக்கு."

"எத்தன?"

"போதுமானது இருக்கு."

அவள் சற்று நேரம் கண்ணை மூடியிருந்தாள். பிறகு நல்ல கையை அவர் பக்கம் நீட்டினாள். "கையக் குடேன்."

அவர் அசையவில்லை.

"என்னப்பா, நாறுதா? எனக்கே நாறுது."

"அதில்லம்மா. கை கழுவல."

"நீயா? நீயா கை கழுவல?" அவள் சிரிக்கப் பார்த்தாள். "போய்க் கழுவிட்டு வா. நான் எங்கயும் ஓடிப்போயிட மாட்டேன்."

தாசையா வெளியே போனார். தாழ்வாரத்தில் குழாயும், மேலே சுவரில் தோலரண் பெட்டியும் இருந்தன. அவர் குழாய்க்கு முன்னால் நின்றார். அந்த வழியாக இரண்டு முறை போய்வந்த செவிலி நின்று கேட்டாள்.

"என்னங்கய்யா, தண்ணி வரலயா?"

"வருதும்மா. பிள்ளையத் தொடலாமானு..."

அவள் ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இனிமே தொட்டாலும் ஒண்ணுதான், தொடாட்டியும் ஒண்ணுதான். போய்ப் பக்கத்துல உக்காருங்க."

அவர் போய் உட்கார்ந்தார். அமலி தூங்கிவிட்டிருந்தாள். அவள் கை படுக்கையின் ஓரத்தில் திறந்தபடியே இருந்தது. பார்வையாளர் நேரம் முடியும்வரை அந்தக் கைக்குப் பக்கத்தில் தன் கைகளை மடிமேல் வைத்துக்கொண்டு தாசையா உட்கார்ந்திருந்தார்.

பதினாறாம் தேதி காலை பத்தரை மணிக்கு அமலி இறந்தாள். அதற்கிடையில் அவள் விழிக்கவில்லை.

தாசையா தொடுவதை நிறுத்திய பிறகும் ஒன்பதாம் தொட்டியில் நான்கு தவளைகள் மட்டுமே எஞ்சின. செப்டம்பரில் மெகராஜ் பானு அவற்றின் தோலைச் சோதித்தார். நான்கிலும் பதினேழாம் சேர்மத்தின் மரபணு இரட்டித்திருந்தது. நகலில் இரண்டு எழுத்து மாறியிருந்தன. அதிலிருந்து ஊறியது பட்டியலில் இல்லாத ஒன்று. முறுக்கு தேவைப்படாதது. நொதிகலத்தில் காய்ச்சக்கூடியது. அந்தக் கிருமியை அது பதினோரு நிமிடத்தில் கொன்றது.

அவர் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தார்: இதைத் தனியாகப் பயன்படுத்தக் கூடாது. காயத்துக்குத் தவிர வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது.

2073 ஜனவரியில் நாற்பத்து நான்காம் சேர்மம் கலந்த சோப்பு கடைகளுக்கு வந்தது. காப்பகத்துக்கு ஆறு பெட்டிகள் வந்தன. வாயிற்காவலுக்கு மாறியிருந்த தாசையா கையெழுத்துப் போட்டு வாங்கி, உள்ளே அனுப்பினார்.