பின்சீட்டில் ஐம்பது கிலோ

தெருமுனை வேகத்தடையில் இடது பின்சக்கரம் ஏறி இறங்கிய விதம் அவனுக்குச் சரியாகப் படவில்லை. வலது சக்கரத்தோடு சேர்ந்து ஒரே சத்தமாக இறங்க வேண்டியது, அன்று காலை கொஞ்சம் தாமதித்து, கொஞ்சம் அதிகமாக அமுங்கி, பிறகு எழுந்தது. அந்தச் சக்கரத்துக்கு மேலே யாரோ உட்கார்ந்திருப்பதைப் போல.

திரும்பிப் பார்த்தான். பின்சீட் காலி.

வேறொருவர் என்றால் கவனித்தே இருக்க மாட்டார். அவன் மெடிக்கல் ரெப். மருந்துப் பெட்டியோடு டாக்டர் டாக்டராகப் போய் நிற்கிற வேலை. பதினோரு வருடமாக அதே கார். கிளட்ச் இரண்டு விரற்கடை மேலே வந்ததும் வண்டி மூச்சை இழுத்துக்கொண்டு நகர்வதும், அறுபதைத் தாண்டினால் ஸ்டீயரிங் உள்ளங்கையில் எறும்பு ஊர்வதைப் போல அதிர்வதும், மழை ஓய்ந்த சாலையில் பிரேக் ஒரு முனகலோடு பிடிப்பதும் அவன் உடம்பில் ஊறிப்போனவை. டயருக்கடியில் வந்தது கல்லா, செங்கல் துண்டா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான்.

"எனக்குத் தலைவலின்னா உங்களுக்குத் தெரியாது. அதுக்கு லேசா இருமல் வந்தாப் போதும், தெரிஞ்சிடும்" என்று மனைவி கிண்டல் செய்வாள்.

மெக்கானிக் காரைத் தூக்கி நிறுத்தி, அடியில் புகுந்து, அரை மணி நேரம் தட்டிப் பார்த்தார்.

"ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாம் கெட்டியா இருக்கு சார். வண்டிக்கு ஒண்ணுமில்ல. நீங்கதான் ரெண்டு நாள் லீவு போடணும்."

ஆனால் அடுத்த நாள் அந்தக் கனம் வலப்பக்கம், அவன் சீட்டுக்குப் பின்னால் மாறியிருந்தது. சிக்னலில் பிரேக்கை மிதித்தபோது பின்சீட்டின் மேலுறை சரசரக்க ஏதோ முன்னால் நகர்ந்து வந்தது. அவன் முதுகில், சீட்டின் பஞ்சு வழியாக, இரண்டு முட்டிகள் மெல்லப் பதிந்தன. பச்சை விளக்கு விழுந்து வண்டி கிளம்பியதும் விலகின. ஏசி காற்றில் மழையில் நனைந்த துணியின் வாடை. அதற்கடியில் தையல் மெஷின் எண்ணெயின் வாடை. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

அன்றே லாரிகளை நிறுத்தி எடை போடும் எடை மேடைக்குப் போனான். பெட்டிகளை இறக்கிவிட்டுக் காரை ஏற்றினான். தானும் இறங்கி நின்றான். எண்ணூற்று எழுபது கிலோ வர வேண்டும். தொள்ளாயிரத்து இருபது என்று சிவப்பு எண்கள் எரிந்தன.

"அம்பது கிலோ கூட வருதே! டிக்கில பொணம் கிணம் வெச்சிருக்கீங்களா சார்?" என்று எடை மேடைக்காரர் சிரித்தார்.

அவனும் சிரித்தான். உதடு காய்ந்து பல்லில் ஒட்டிக்கொண்டது.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு மாலை நேரம். மழை. தையல் கம்பெனிக்கு அப்பால் உள்ள வளைவில் போனை எடுக்கக் குனிந்தான். ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தபோது காருக்குப் பின்னால் ஒரு பெண் விழுந்து கிடந்தாள். உயிர் இருந்தது. "அண்ணா, கை குடுங்கண்ணா" என்று தெளிவாகச் சொன்னாள். அவள் கண்கள் அவன் முகத்தைப் பார்த்தன. பிறகு நம்பர் பிளேட்டைப் பார்த்தன. அந்த இரண்டாவது பார்வைதான் அவனைத் திரும்ப வண்டிக்குள் ஏற வைத்தது. ரிவர்ஸ் கியர் போட்டான். வண்டியைத் திருப்பத்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். இடது பின்சக்கரம் எதன் மேலோ ஏறி இறங்கியது. கல் என்றான். கண்ணை மூடிக்கொண்டே கல்லையும் செங்கல்லையும் பிரித்துச் சொல்கிறவன், அதைக் கல் என்றான்.

மறுநாள் செய்தித்தாளில் நான்கு வரி. தையல் தொழிலாளி, வயது முப்பத்து மூன்று, இரண்டு பெண் குழந்தைகள். வாகனம் எதுவென்று தெரியவில்லை.

எடை மேடைக்குப் பிறகு அவள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அவன் மிதிப்பதற்கு ஒரு நொடி முன்பே கிளட்ச் தானாக இறங்கியது. தப்பான நேரத்தில் எழுந்து வண்டி உதறி நின்றது. மறுநாள் உதறல் குறைந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் குறைந்தது. கியர் குமிழில் அவன் கை பட்டபோது அது ஏற்கெனவே ஈரமாக, சில்லென்று இருந்தது. அவனுக்கு இது புரிய வெகுநேரம் ஆகவில்லை. அவள் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். பதினோரு வருடத்தில் அவன் பழகியதை அவள் நாள் கணக்கில் பழகிக்கொண்டிருந்தாள்.

வந்த விலைக்குக் காரைப் பேசி முடித்தான். திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. ஞாயிறு மத்தியானம் மனைவி சாவியோடு வந்து நின்றாள்.

"என்னங்க, நாளைக்கு வண்டி போயிடும். ஒரே ஒரு ரவுண்டு. லைசென்ஸ் வாங்கினதே வீணாப் போகுது."

"வேண்டாம்."

"ஏன்?"

அவன் சாவியைப் பிடுங்கக் கை நீட்டினான். அவள் அதற்குள் வண்டியை எடுத்துவிட்டாள். அவன் ஓடிப்போய் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டான்.

ஒவ்வொரு முக்கிலும் வண்டியை அணைத்துவிட்டு அழுகிறவள், அன்று வழுக்கிக்கொண்டு போனாள். மேட்டில் ஹேண்ட்பிரேக் இல்லாமலே கிளட்சில் வண்டியைத் தாங்கி நிறுத்தினாள். இரண்டு விரற்கடை. மிகச் சரியாக இரண்டு விரற்கடை.

"இதை யாரு சொல்லிக் குடுத்தா?"

"தெரியலங்க. கால் தானா போகுது" என்று குழந்தையைப் போலச் சிரித்தாள்.

வேகத்தடை வந்தது. இடது பின்சக்கரம் லேசாக ஏறி இறங்கியது. பின்சீட்டில் கனம் இல்லை. அமுங்கியது வலது முன்பக்கம். மனைவி உட்கார்ந்திருந்த பக்கம்.

"வீட்டுக்கு விடு. உடனே. பேசாம விடு."

வாசலில் குதித்து இறங்கினான். மனைவியை எப்படியாவது கீழே இறக்கிவிட வேண்டும். வேறெதுவும் மனதில் இல்லை.

"இப்படியே தெருவுல விட்டுட்டு இறங்கு!"

"தெருவை அடைச்சுக்கிட்டா? ஷெட்டுக்குள்ள விட்டுடறேன். பின்னாடி நின்னு பாத்து சொல்லுங்க, சுவத்துல இடிச்சிடப் போறேன்."

வாதம் செய்ய நேரமில்லை. ஷெட்டின் கடைசிக்கு ஓடி, சுவரில் முதுகு உரச நின்றான். இடது பக்கம் சுவர். வலது பக்கம் ஆள் உயரத்துக்கு மருந்துப் பெட்டிகள். கார் பின்னால் வந்தது. வாசல் வெளிச்சம் குறுகிக் குறுகி, கீற்றாகியது.

"வா... வா... வா... போதும்!"

நின்றது. முட்டிக்கும் பம்பருக்கும் இடையே ஒரு சாண்.

இன்ஜின் அடங்கியது. கதவு திறந்தது. மனைவி ஒருக்களித்து வெளியே வந்து, வாசல் பக்கம் போய் நின்று சாவியை ஆட்டிக் காட்டினாள்.

"பாத்தீங்களா! எப்படி விட்டேன்?"

மூச்சு வந்தது. முதல் முறையாக மூச்சு வந்தது.

டிரைவர் பக்கத்துக் கதவு சாத்திக்கொண்டது. மெதுவாக.

சீட் பெல்ட் மாட்டும் சத்தம். டிக்.

வலது முன்பக்கம் அமுங்கியது.

"என்னங்க..." மனைவியின் குரல் ஷெட்டுக்கு வெளியே எங்கோ இருந்தது. "நான் இறங்கிட்டேனே. உள்ள யாரு?"

நனைந்த துணி. மெஷின் எண்ணெய். பின்கண்ணாடி வழியே, டிரைவர் சீட்டுக்கு மேலே, பின்னல் அவிழ்ந்த ஒரு தலை. அது அசையவில்லை. ஒரு கை மட்டும் எழுந்து, நடுவிலிருந்த கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருத்தியது.

கண்ணாடியில் இரண்டு கண்கள். அவன் முகத்தைப் பார்த்தன.

சாவி மனைவியின் கையில் ஆடிக்கொண்டிருந்தது. ஷெட்டின் இருட்டில், அவன் முட்டிகளுக்கு எதிரே, ரிவர்ஸ் விளக்கு வெள்ளையாக எரிந்தது.