இருபத்தைந்தாவது சேனல்

“கசிவை ஆஃப் பண்ணிப் பாத்தியா?”

“ஆஃப் பண்ணா போயிடுதுடா. அது எனக்கே தெரியும். ஆன் பண்ணா ஏன் வருதுன்னுதான் கேக்குறேன்.”

“என்னா வருது? கரெக்டா சொல்லு.”

“டிக். டிக். செகண்டுக்கு ஒண்ணு. ஜென்சி வாய்ஸுக்கு அடியில.”

போனின் அந்தப் பக்கம், ஸ்ரீரங்கத்துத் தன் ரெக்கார்டிங் அறையில், ஆசீர் எதையோ நொறுநொறுவென்று மென்றுகொண்டிருந்தான். “பெட்டிய எங்கிட்ட இருந்து வாங்கிட்டுப் போயி ரெண்டு வாரம் ஆவல, அதுக்குள்ள கம்ப்ளைன்ட்டா? பக்கத்துச் சேனல்ல ஏதாவது இருக்கும். அதுதான் கசியுது.”

“அவ வாய்ஸ் இருபத்தி நாலு. இருபத்தஞ்சுல ஒண்ணுமே இல்ல. டிராக்கே போடல.”

“அப்ப உன் காதுதான் கசியுது. தண்ணியக் குடிச்சிட்டு வேலையப் பாரு, போ.” வைத்துவிட்டான்.

ஜோஸ்வின் ஹெட்போனைக் கழுத்திலிருந்து ஏற்றிக்கொண்டான். மணி இரண்டே முக்கால். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸின் அந்தச் சின்ன அறைக்கு மட்டும் பகல் கிடையாது; வெளிச் சத்தம் வரக்கூடாதென்று ஜன்னலில் பழைய இலவம்பஞ்சு மெத்தையை நிறுத்தி, அதன்மேல் இரண்டு போர்வைகளை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தான். சூடான லேப்டாப்பின் வாடை, பஞ்சின் புழுக்க வாடை. இருட்டில் அந்தப் பெட்டி மட்டும் விழித்திருந்தது. பைபிள் அளவுக்கு ஒரு கறுப்பு இரும்புப் பெட்டி, மேலே நாலு வரிசைக் குமிழ்கள், ஒவ்வொரு குமிழைச் சுற்றியும் சிவப்புப் புள்ளிகளாலான வளையம். பழைய ஸ்டுடியோக்களில் ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு கிடந்த, குரலுக்கும் கருவிக்கும் தனித்தனிச் சேனல் வைத்துக் கலக்கும் கன்சோலை அப்படியே லேப்டாப்புக்குள் நகலெடுத்திருந்தார்கள். அதை மவுஸால் கிளிக்கிக்கொண்டிராமல் கையால் திருகத்தான் இந்தப் பெட்டி. நகலெடுத்தவர்கள் அந்தக் கன்சோலின் குறைகளையும் விடவில்லை. பக்கத்துப் பக்கத்துச் சேனல்களில் ஒன்றின் சத்தம் மற்றதில் மயிரிழை அளவு கசியும். பழைய பாட்டுகளின் வெதுவெதுப்பே அந்தக் கசிவுதான் என்று ஆசீர் சத்தியம் செய்வான். ஜோஸ்வினும் நம்பினான். அதனால்தான் அதை ஆன் செய்திருந்தான்.

எல்லாப் பாட்டுக்கும் இவ்வளவு மெனக்கெடுவதில்லை. இது தங்கச்சி ஜென்சி எழுதிப் பாடியது. ஆற்றில் தண்ணீர் வந்ததைப் பற்றிய சின்னப் பாட்டு. தொண்டையில் கட்டி என்று தெரிந்து, ஆபரேஷனுக்கு முந்தின நாள், இதே அறையில் நின்று பாடினாள். “திரும்பி வந்தா வருது, வரலன்னா இது இருக்குல்ல,” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். பத்து நாள் வாயைத் திறக்கக்கூடாது, முணுமுணுக்கக்கூடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்று பத்தாவது நாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு தில்லை நகரில் டாக்டர் முன்னால் அவள் முதல் வார்த்தை பேச வேண்டும். குரல் வரலாம் என்றுதான் சொன்னார். வரும் என்று சொல்லவில்லை.

அவள் கிளம்புவதற்குள் பாட்டை முடித்துக் காதில் போட்டுவிட வேண்டும்.

பிளே செய்தான். தம்புராவின் ரீங்காரம், கிடாரின் ஒற்றைத் தந்தி, பிறகு ஜென்சி. *தண்ணி வந்தாச்சு, வந்தாச்சு…* அவள் மூச்சிழுக்கும் இடத்தில், டிக். அடுத்த வரி முடியும் இடத்தில், டிக். உலோகம் உலோகத்தில் லேசாக உரசும் சத்தம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டபோது அது எதுவென்று தெரிந்துவிட்டது. உள்ளறையின் சீலிங் ஃபேன். மூன்று வருஷமாக அப்பா ரிப்பேர் பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும் ஃபேன். ஜென்சி இப்போது அதன் அடியில்தான் படுத்திருக்கிறாள். ஆனால் ரெக்கார்டிங் அன்று வீட்டின் எல்லா ஃபேனையும் அவனே அணைத்திருந்தான். அவள் வியர்த்துக் கொட்டியபடி பாடினாள்.

பாட்டை நிறுத்தினான். டிக் நிற்கவில்லை.

மைக் அலமாரியில், உறைக்குள் கிடந்தது. அதன் ஒயர் எதிலும் சொருகியில்லை. ஹெட்போனுக்குள் அறை ஒன்று விரிந்து கிடந்தது, அதன் நீள அகலத்தைக் காதால் அளக்க முடிந்தது. ஃபேன், கட்டில் பலகை முனகுவது, ஒரு ஸ்டீல் டம்ளர் உருண்டு விழுந்து நாலு தரம் துள்ளி அடங்குவது. ஹெட்போனைக் கழற்றினான்.

“ஒண்ணுமில்ல ஜோஸு, டம்ளர் தட்டி விட்டுட்டேன்,” என்று உள்ளறைப் பக்கமிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

ஏதோ ஒயரிங் கோளாறு. எர்த் சரியில்லை. இந்த குவார்ட்டர்ஸ் சுவரைத் தொட்டாலே சில நாள் ஷாக்கடிக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தபடியே பெட்டியில் இருபத்தைந்தைத் தேர்ந்தெடுத்தான். காலிச் சேனலுக்கு வளையங்கள் அணைந்திருக்க வேண்டும். எல்லாம் பாதிவரை எரிந்தன. யாரோ ஏற்கெனவே திருகி வைத்ததுபோல.

அப்போது அவன் செய்தது யோசித்துச் செய்ததல்ல. மிக்ஸ் பண்ணுகிற யாரும் செய்வதுதான். வேண்டாத சத்தம் இருந்தால் கை தானாக கேட் குமிழுக்குப் போகும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருக்கும் சத்தத்தையெல்லாம் அது கதவுபோல மூடி வெளியே விடாது. திருகினான். வளையம் புள்ளி புள்ளியாக ஏறியது. கட்டில் போயிற்று. ஃபேன் மெலிந்தது. இன்னும் ஒரு திருகு. கடைசிவரை.

சுத்தம்.

அதன்பிறகு அரைமணி நேரம் அவன் சந்தோஷமாகவே இருந்தான். ஜென்சியின் குரல் இதுவரை கேட்டிராத அளவுக்குத் துலக்கமாக எழுந்து வந்தது, உதடு பிரியும் ஈரம்கூடக் கேட்டது, எதிரே ஒரு முழம் தள்ளி நின்று பாடுவதுபோல. ஒரு இடத்தில் இந்த வரியை இவள் இப்படியா பாடினாள் என்று தோன்றியது. நன்றாக இருந்ததால் விட்டுவிட்டான்.

தோளில் கை விழுந்தபோது துள்ளிவிட்டான். அம்மா. பள்ளிக்கூடத்துக்கு ஆக்னஸ் டீச்சரான அவள் முகத்தில் இப்படி ஒரு பார்வையை அவன் கண்டதில்லை. பரீட்சை ஹாலில் வினாத்தாளே வராததுபோல ஒரு திகைப்பு.

“செத்த உள்ளார வந்து பாரேன்.”

“என்னம்மா?”

“ஃபேன் ஓடுதுடா. சத்தமே இல்ல.”

“நல்லதுதானே? மூணு வருஷத்துப் பிரச்சனை தீந்துச்சு.”

“விளையாடாத. வா.”

உள்ளறை வாசலில் நின்றான். ஃபேன் எப்போதும்போல ஒருபக்கம் சாய்ந்து ஆடிக்கொண்டு சுற்றியது. காலண்டர் தாள் படபடத்தது. கட்டிலில் ஜென்சி சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள், கழுத்தில் வெள்ளைக் கட்டு, விலா ஏறி இறங்கியது. எல்லாம் அசைந்தது. எதற்கும் ஓசையில்லை.

படியைத் தாண்டி உள்ளே கால் வைத்தான். காதுக்குள் யாரோ பஞ்சை அடைத்ததுபோல் இருந்தது. கை தட்டினான். உள்ளங்கை எரிந்தது. சத்தமில்லை. “அம்மா,” என்றான். தொண்டை அதிர்ந்தது. தன் குரலே தனக்குக் கேட்கவில்லை. பின்னால் ஒரு அடி எடுத்து வாசலுக்கு வெளியே வந்தான். கூட்ஸ் வண்டி ஒன்று நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது. உள்ளே தலையை நீட்டினான். ஹாரன் அறுந்தது. வெளியே. ஹாரன். உள்ளே.

“நான் சொன்னேன்ல?” அம்மா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். “எனக்குத்தான் காது போச்சோன்னு பயந்துட்டேன். மாதாவே, என்னடா இது?”

அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஓடினான். பெட்டி. இருபத்தைந்து. கேட் குமிழ். கை வழுக்கியது, வியர்வை. திருகினான். புள்ளிகள் இறங்கின. பத்து. ஆறு. மூன்று. பூஜ்யம்.

சுவருக்கு அப்பால், டிக். டிக். டிக்.

“ஆங், வந்துடுச்சு, வந்துடுச்சு!” அம்மாவின் குரல் கிட்டத்தட்ட அழுகை. வளையல் சத்தம். கட்டில் சத்தம். “எந்திரிச்சிட்டா. பாப்பா, ஒண்ணுமில்லம்மா, மூஞ்சி கழுவிட்டுக் கிளம்பு. நான் ஆட்டோவுக்குச் சொல்றேன்.”

ஜோஸ்வின் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். போதும். பெட்டியை இன்றைக்கே ஆசீரிடம் கொண்டுபோய்ப் போட்டுவிட வேண்டும். லேப்டாப்பை மூடக் கையை நீட்டியவன், திரையைப் பார்த்தான்.

பாட்டு ஓடவில்லை. இருபத்தைந்தின் ஒலியளவு மீட்டர் அசைந்தது.

ஃபேனின் அசைவல்ல அது. ஏறி, இறங்கி, நின்று, மறுபடி ஏறியது. பேச்சின் அசைவு.

ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்தான். மூச்சு. பக்கத்தில். மிகப் பக்கத்தில். பிறகு வாய் மூடிய ஒரு ஹம்மிங். ஜென்சி.

“ஜென்சி!” என்று கத்தினான். “பாடாத! டாக்டர் சொல்றவரைக்கும் வாயத் தொறக்காத!”

அவள் வாசலில் வந்து நின்றாள். தூக்கக் கலக்கம், கலைந்த பின்னல். போனில் தட்டி அவன் பக்கம் திருப்பினாள்.

*நான் எங்க பாடுனேன்?*

அவள் உதடு ஒட்டியிருந்தது. அவன் காதில் ஹம்மிங் தொடர்ந்தது.

“நெசமாவா? வாயே தொறக்கலயா? இன்னைக்கு ஒரு தடவகூட?”

ஜென்சி கீழே பார்த்தாள். தப்பு செய்தால் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நிறைய நேரம் தட்டினாள்.

*அம்மாட்ட சொல்லாத. மூணு மணிக்கு யாரும் இல்லாதப்ப பேசிப் பாத்தேன். அண்ணேன்னு கூப்புட்டேன். பாட்டும் பாடிப் பாத்தேன். சத்தமே வரல. இன்னும் ஆறலபோலன்னு படுத்துட்டேன்.*

மூன்று மணி. கேட் மூடியிருந்தது. கடைசிப் புள்ளிவரை. அந்தத் துலக்கமான வரி. இவள் இப்படியா பாடினாள் என்று நினைத்த வரி. அது இன்று பாடியது.

“இப்பக் கூப்புடு,” என்றான்.

அவள் கழுத்துக் கட்டைத் தொட்டுக் காட்டினாள்.

“பரவால்ல. ஒரே ஒரு தடவ. மெதுவா. அண்ணேன்னு சொல்லு. ப்ளீஸ்டா.”

ஜென்சி வாயைத் திறந்தாள். கழுத்து நரம்பு இறுகியது. உதடு விரிந்தது, குவிந்தது. கரகரப்பில்லை. காற்றின் சீறல்கூட இல்லை. அவளுக்குப் பின்னால் ஹாலில் அம்மா ஆட்டோக்காரரிடம் பேசுவது கேட்டது. சுவரில் பல்லி சொல்வது கேட்டது. மறுபடி முயன்றாள். மறுபடி. கண் நிறைந்தது.

அவன் பெட்டியைத் தாவிப் பிடித்தான். எந்தக் குமிழ் என்று தெரியாமல் எல்லாவற்றையும் திருகினான். வளையங்கள் ஏறின, இறங்கின, கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே திரும்பின. யூஎஸ்பி ஒயரைப் பிடுங்கினான். பெட்டி எரிந்தது. லேப்டாப் சுவிட்சை அமுக்கிப் பிடித்தான். திரை கறுத்தது. பெட்டி எரிந்தது. ஹெட்போன் பின்னை உருவினான். பின் அவன் விரல்களுக்கிடையே தொங்கியது. எதிலும் சொருகாமல்.

ஹெட்போனுக்குள் ஹம்மிங் நின்றது.

செருமல். தொண்டையைச் சரிசெய்துகொள்வதுபோல. அப்புறம் சிரிப்பு.

ஜென்சிக்கும் அது கேட்டுவிட்டது. மெல்ல நடந்து வந்தாள். அவன் கையிலிருந்து ஹெட்போனை வாங்கி, கண்ணீர் வழிய, வாய் இன்னும் திறந்தபடியே, தன் காதுகளில் வைத்துக்கொண்டாள். அவள் முகம் மாறுவதை அவன் பார்த்தான். முதலில் அடையாளம் கண்ட முகம். அப்புறம் பின்வாங்கிய முகம். ஹெட்போனைப் பிய்த்து எடுக்கப் பார்த்தாள். அது வரவில்லை. அவள் விரல் வெளுத்தது. வாய் அகலத் திறந்தது. அலறுகிறாள். அறையில் சத்தமில்லை.

காதுப் பஞ்சின் ஓரம் வழியாக, குதூகலமாக, துளி கரகரப்பில்லாமல், அவள் குரல் கசிந்தது.

“அண்ணே, கேக்குதா? இப்ப எவ்ளோ சுத்தமா இருக்கு பாத்தியா? சொல்லுண்ணே, சீக்கிரம் சொல்லு, எப்படி இருக்கு?”